அறிவுசார் குறைபாடு உள்ளவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது கூட இருப்பவர் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி சுருக்கமாக இது: தம்பிக்கு 34 வயது, அறிவுசார் குறைபாடும் வலிப்பும் உண்டு, பேச்சு மிகக் குறைவு. பித்தப்பையை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். கூட இருக்கப்போகும் அக்கா எதையெல்லாம் செய்ய வேண்டும், எதை நர்சுகளிடம் விட வேண்டும், அதிகம் கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நினைக்கலாம். இருந்தாலும் கேளுங்கள்.

பித்தப்பையை எப்படி எடுப்பது என்பது அங்கே உள்ளவர்களுக்கு அத்துப்படி. உங்கள் தம்பி உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எப்படி இருப்பார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான் என்பதால், கூட இருப்பவரின் முதல் வேலையும் அதுதான். துடைத்துவிடுவதும் ஊட்டுவதும் அதற்கு அடுத்தவை. பல குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது. இரவு பகல் பாராமல் உழைப்பார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் ஐந்து நிமிடத்தில் துணி அலசப் போயிருப்பார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நோயின் அறிகுறியைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் மருத்துவத்தில் பழையது. 1982இலேயே ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். தலையை இடித்துக்கொள்கிறார் என்றால் ‘இவர்கள் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள்; காதுக்குள்ளோ பல் வேரிலோ சீழ் இருக்கும். சாப்பிட மறுத்தால் அடம் என்பார்கள். நெஞ்சு எரிச்சலாகவோ நாள்பட்ட மலச்சிக்கலாகவோ இருக்கும். தென்மேற்கு இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் 247 மரணங்களை ஆராய்ந்து 2013இல் ஓர் அறிக்கை வந்தது. பொது மக்களோடு ஒப்பிட்டால் ஆண்கள் சராசரியாக 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறந்திருந்தார்கள். நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை தொடங்குவதிலும் ஏற்பட்ட தாமதம், குடும்பத்தார் சொன்னதைக் காதில் வாங்காதது என்று அது சுட்டிய காரணங்களில் பல, வார்டில் தினமும் நடப்பவை.

‘வழக்கமாக எப்படி’ என்பதை வாயால் சொன்னால் அடுத்த ஷிப்ட் வரும்போது அது காணாமல் போய்விடும். எழுதிக் கொடுங்கள். வண்ணப் படங்களோடு எட்டுப் பக்கப் புத்தகம் செய்பவர்கள் உண்டு, நல்ல எண்ணம்தான். ஆனால் இரவு டூட்டி நர்ஸ் படிப்பது முதல் அரைப் பக்கத்தை மட்டுமே. உயிருக்கு ஆபத்தானது மேலே, வசதிக்கானது கீழே, பிடித்த பாட்டு பின்பக்கத்தில். ஏறக்குறைய இப்படி:

ஒவ்வாமை: பென்சிலின். உடம்பெல்லாம் தடிப்பும் மூச்சுத் திணறலும் வந்தது.
வலிப்பு: மாதம் ஒன்று, பெரும்பாலும் விடிகாலையில். 2 நிமிடத்துக்குள் தானாக நிற்கும். 5 நிமிடம் தாண்டினால் அவசர மருந்து தேவை.
விழுங்குதல்: நேராக உட்கார்ந்து, சிறு கரண்டியில். படுத்த நிலையில் ஒரு வாய் தண்ணீரும் கொடுக்கக் கூடாது.
பேச்சு: சுமார் 20 சொல். ‘ஆமா’ என்பதை நம்ப வேண்டாம், எதைக் கேட்டாலும் சொல்வார். ‘வேணாம்’ என்றால் வேண்டாம்தான்.
வலி வந்தால்: சத்தம் போடமாட்டார். இடது மணிக்கட்டைக் கடிப்பார், கால்களை மடக்கிச் சுருண்டு படுப்பார்.
நலமாக இருக்கும்போது: எடை 58 கிலோ, நாடி 64, ரத்த அழுத்தம் 104/66, ஆக்சிஜன் 97.
தொடும் முன்: எதிரே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடவும். பின்னாலிருந்து தொட்டால் கை ஓங்குவார்.

இதை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கேஸ் ஷீட்டின் முன்பக்கம், ஒன்று கட்டிலின் தலைமாட்டில், ஒன்று உங்கள் கையில். மருந்துப் பட்டியலைத் தனித் தாளில் எழுதுங்கள்: பெயர், மில்லிகிராம், எத்தனை மணிக்கு, மாத்திரையா சிரப்பா, எதில் கலந்து கொடுத்தால் விழுங்குகிறார்.

இன்னொரு வேலை, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியது. அவர் நடப்பது, தானாகச் சாப்பிடுவது, கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பது, இவை ஒவ்வொன்றையும் அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அறுவைக்குப் பிறகு மந்தமாகக் கிடக்கும்போது, ‘இவர் வரும்போதே இப்படித்தானே இருந்தார்?’ என்று புதிதாக வந்த டாக்டர் கேட்பார். பத்து நிமிடம் வாதாடி நடக்காதது அந்த வீடியோவில் நடந்துவிடும்.

சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது கேட்டு முடிக்க வேண்டிய சலுகைகள் சில உண்டு. அன்றைய அறுவைப் பட்டியலில் முதல் இடம் கேளுங்கள். பசியோடு காத்திருக்கும் நேரம் குறையும், அதனால் வரும் கலவரமும் குறையும். கூட்டமில்லாத இடத்தில் காத்திருக்க அனுமதி கேளுங்கள். மயக்கம் கொடுக்கப்போகும் அந்த ஒரு தடவையிலேயே ரத்தம் எடுப்பது, பல் பரிசோதனை, காதுக் குறும்பி எடுப்பது என்று விழித்திருக்கும்போது செய்யவிடாத எதையெல்லாம் சேர்த்து முடிக்க முடியும் என்று கேளுங்கள். அன்று காலை கேட்டால் நடக்காது. பல் டாக்டரை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்து எலும்பின் மேல் மூட்டுத் தளர்வு, தூக்கத்தில் மூச்சு நின்று வருவது, இதயக் கோளாறு, தைராய்டு ஆகிய நான்கையும் பேர் சொல்லிப் பேசுங்கள். மூச்சுக்கான குழாய் போடக் கழுத்தை வளைக்கும் விதமே அதைப் பொறுத்து மாறும்.

ஒப்புதல் கையெழுத்து விஷயத்தில் பெரும்பாலான குடும்பங்கள் தவறான நம்பிக்கையில் இருக்கின்றன. 18 வயது தாண்டியவருக்காக அம்மாவோ அக்காவோ தானாகவே கையெழுத்துப் போட்டுவிட முடியும் என்பது எல்லா நாட்டுச் சட்டத்திலும் இல்லை. யார் போட வேண்டும், என்ன ஆவணம் வேண்டும் என்பதை முன்பே கேட்டு வையுங்கள். அறுவை அரங்கின் வாசலில் இந்தப் பேச்சு எழுந்தால் நாள் தள்ளிப்போகும். கையெழுத்து யாருடையதானாலும், அவருக்குப் புரியும்படி சொல்லும் பொறுப்பு மறைந்துவிடாது. இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். வயிற்றைத் தொட்டுக் காட்டி, வார்டின் படத்தைக் காட்டி, ‘தூங்குவே, டாக்டர் வலியை எடுப்பார், எழுந்ததும் நான் இருப்பேன்’ என்று அவர் பழகிய சொற்களில் நாளைக்கு இரண்டு முறை சொல்லுங்கள். அவர் புரிந்துகொண்டாரா என்று பார்க்கக் கேள்வியைப் புரட்டிக் கேளுங்கள். ‘வலிக்குதா?’ என்பதற்கும் ‘வலிக்கலையா?’ என்பதற்கும் ஒரே ‘ஆமா’ வந்தால் அந்தப் பதிலை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. டாக்டரும் அப்படியே கேட்டுப் பார்க்கட்டும்.

இதோடு ஒட்டிய கசப்பான விஷயம் ஒன்று. நிலைமை மோசமானால் இதயத்தை மீண்டும் இயக்க முயல வேண்டாம் என்ற குறிப்பு, குறைபாட்டை மட்டுமே காரணமாகக் காட்டிச் சிலருடைய கேஸ் ஷீட்டில் ஏறிவிடுகிறது. நோயின் நிலையை வைத்து எடுக்கும் முடிவு வேறு, இது வேறு. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணமாக்கிச் சிகிச்சையையோ உணவையோ நீரையோ மறுப்பதைத் தடுக்கச் சொல்கிறது. அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

அறுவை நாள் காலையில் கவனம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: வயிற்றில், வலிப்பு மாத்திரையில். திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுவான இடைவெளி. உங்கள் மருத்துவமனை வேறு சொன்னால் அதுவே கணக்கு. ‘சாப்பிடக் கூடாது’ என்பது அவருக்கு விளங்காது; பக்கத்துக் கட்டில் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துவிடுவார். அவர் கைக்கெட்டும் இடத்தில் எதுவும் இல்லாமல் பாருங்கள், நீங்களும் அவர் முன் சாப்பிடாதீர்கள். எதையாவது விழுங்கிவிட்டால் மறைக்கவே கூடாது. மயக்கத்தில் அது வாந்தியாக வந்து நுரையீரலில் இறங்கினால் விளைவு, நாள் தள்ளிப்போவதைவிடப் பல மடங்கு மோசம்.

‘வெறும் வயிறு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பெரும்பாலும் ஒரு மடக்குத் தண்ணீரில் அதைக் கொடுக்கச் சொல்வார்கள்; மயக்க மருந்து டாக்டரிடம் முந்தைய நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் வாயால் கொடுக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே கேளுங்கள். லெவிடிராசிட்டம், வால்புரோயேட், பெனிடாயின் மூன்றும் ஊசியாக உண்டு. கார்பமசெபைன் பல இடங்களில் ஊசியாகக் கிடைக்காது, அதற்கு மாற்று யோசிக்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. பொடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரேயடியாக இறங்கும்.

இரண்டு மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டிரமடால் என்னும் வலி மருந்து வலிப்பைத் தூண்டக்கூடியது. மெரோபெனம் வகை ஆன்டிபயாடிக், ரத்தத்தில் வால்புரோயேட் அளவை ஓரிரு நாளிலேயே மடமடவென்று இறக்கிவிடும். பித்தநாளத் தொற்று கடுமையானால் அதைத் தொடங்க வாய்ப்பு உண்டு. ‘இவர் வால்புரோயேட் சாப்பிடுகிறார், இதைச் சேர்த்துக் கொடுக்கலாமா?’ என்ற ஒரு வரிக் கேள்வி போதும். மறுப்பது உங்கள் வேலை இல்லை, நினைவூட்டுவது உங்கள் வேலை.

ட்ரிப்ஸ் ஊசி குத்துவதுதான் பல நேரங்களில் முழுச் சேர்க்கையையும் கெடுத்துவிடுகிறது. நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் குத்தினால் அடுத்த பத்து ஆண்டுக்கு அவர் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஓடுவார். மரத்துப்போகச் செய்யும் க்ரீம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது வேலை செய்யக் குறைந்தது 60 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டுக் குத்தி, ‘க்ரீம் போட்டும் பலனில்லை’ என்பார்கள். ஒரு நரம்பு தவறினால் இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டு இடத்தில் தடவச் சொல்லுங்கள். மேலே ஒட்டும் தாளை அவர் பிய்த்து வாயில் வைக்காமல் துணிக் கட்டு ஒன்று சுற்றட்டும். எந்தக் கையால் சாப்பிடுகிறாரோ அந்தக் கையை விட்டு மற்றக் கையில் குத்தச் சொல்லுங்கள். குத்தி முடித்ததும் ஊசி தெரியாதபடி கட்டுப் போட்டு நீளக் கைச் சட்டையால் மூடினால் பிடுங்கும் எண்ணம் பாதி குறையும். நர்ஸ் அவ்வப்போது திறந்து வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் ஆறுதலாகப் பிடியுங்கள், அமுக்கிப் பிடிக்கும் வேலையை ஏற்காதீர்கள். நாளைக்கு உங்கள் கையிலிருந்துதான் அவர் மருந்து வாங்க வேண்டும்.

கண் விழிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க முடியுமா என்பதை முன்பே பேசி, கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். வாய்மொழி அனுமதியை வாசலில் நிற்பவர் ஏற்கமாட்டார்.

வலிக்கு வருவோம். ‘வலித்தால் கொடுக்கவும்’ என்று எழுதப்பட்ட மருந்து, கேட்கத் தெரியாதவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. முதல் இரண்டு மூன்று நாளுக்கு மணிக் கணக்கு வைத்துத் தவறாமல் கொடுக்கும்படி எழுதச் சொல்லுங்கள். வலியை அளக்க முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு 10க்குக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. குழந்தைகளுக்காக வந்ததுதான், ஆனால் அதன் திருத்திய வடிவம் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது. ஒவ்வொரு பிள்ளையின் தனி அடையாளங்களையும் பெற்றோர் சொல்லி அதில் சேர்க்கலாம். பெரியவருக்கும் அதே யோசனை உதவும்: மணிக்கட்டைக் கடிப்பது எத்தனை மதிப்பெண் என்று நீங்களும் நர்சும் பேசி முடிவு செய்யுங்கள். பித்தப்பை அறுவைக்கென்றே ஒரு குறிப்பு: லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) வயிற்றை உப்பவைக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால், வலி வலது தோள்பட்டையில் தெரியலாம். அவர் தோளை அடித்துக்கொண்டால் அது ‘பழக்கம்’ இல்லை.

சாப்பாடு தொடங்கும்போது, மயக்கம் முழுதும் தெளிந்து, நேராக உட்கார்ந்து, குரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தபின் கொடுங்கள். முடித்து அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். சாப்பிட்டபின் குரல் சளி கட்டியதுபோலக் கரகரத்தாலோ இருமினாலோ நிறுத்தி நர்சைக் கூப்பிடுங்கள். உணவு நுரையீரலில் இறங்கி வரும் நிமோனியா இவர்களுக்கு முக்கியமான எமன். உணவின் கெட்டித்தன்மைக்கு 0 முதல் 7 வரை எண் கொண்ட சர்வதேச அளவு ஒன்று இருக்கிறது. தம்பிக்கு ஏற்கெனவே அப்படி ஓர் எண் சொல்லியிருந்தால் அதையே சொல்லுங்கள். ‘கொஞ்சம் கெட்டியாக’ என்றால் சமையலறையில் ஆளுக்கு ஒரு பொருள் கொள்வார்கள். தண்ணீரை மாவுச்சத்துப் பொடியால் கெட்டியாக்கிக் கொடுப்பவர்கள் கவனிக்க: பாலிஎத்திலீன் க்ளைகால் வகை மலமிளக்கியை அதில் கலந்தால் கெட்டித்தன்மை கரைந்து மீண்டும் தண்ணீராகிவிடும், புரையேறும்.

மலச்சிக்கலை யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் குறித்து வைக்க வேண்டும். வலி மருந்து, படுத்தே கிடப்பது, குறைந்த தண்ணீர், சில மனநல மருந்துகள் எல்லாம் சேர்ந்து குடலை நிறுத்திவிடும். மூன்று நாள் போகவில்லை என்றால், வயிறு உப்பி வாந்தியும் வந்தால் அதற்கு முன்பே, சொல்லுங்கள். இடைவிடாமல் நீர்போலக் கசிந்தால் பேதி என்று நினைக்காதீர்கள். அடைத்து நிற்கும் கட்டியைச் சுற்றி ஒழுகுவதாகவும் இருக்கலாம்.

இனி வேலைப் பங்கீடு. நர்ஸ், குடும்பம் செய்யும் என்று நினைப்பார். குடும்பம், நர்ஸ் செய்வார் என்று நினைக்கும். முதுகில் புண் வரும்வரை இருவருக்கும் தெரியாது. முதல் நாளே பேசி எழுதுங்கள்: குளிப்பாட்டுவது யார், ஊட்டுவது யார், இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது யார், இரவில் யார். சளி உறிஞ்சுவது, ட்ரிப்ஸ் வேகத்தை மாற்றுவது, மூக்குக் குழாயில் உணவு ஊற்றுவது போன்றவை, வீட்டில் நீங்கள் தேர்ந்தவராகவே இருந்தாலும், அவர்கள் பொறுப்பில் இருப்பதே நல்லது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை நீங்கள் கொடுத்து, வார்டு மாத்திரையை நர்சும் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகும்; யாராவது ஒருவர்தான் கொடுக்க வேண்டும். அழைப்பு மணியை அவரால் அழுத்த முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லி, நீங்கள் இல்லாத நேரத்தில் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஒருவரே எல்லா இரவும் விழிக்க முடியாது. இரண்டாவது ஆளை ஏற்பாடு செய்து, ஒரு நோட்டில் மருந்து, சாப்பாடு, சிறுநீர், மலம், தூக்கம் ஆகியவற்றை நேரத்தோடு எழுதிக் கைமாற்றுங்கள். ரவுண்ட்ஸில் அந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பே தனி. அதிலிருந்து மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள், பதினைந்து சொன்னால் ஒன்றும் நிற்காது.

நிலைமை கெடுவதை எந்திரம் காட்டுவதற்கு முன்பே வீட்டார் கண்டுகொள்வது உண்டு. வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், அமைதியாகிவிடுவது, மூச்சு வேகம், நடுக்கம், திட்டுத்திட்டாக நிறம் மாறும் தோல், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. கலாட்டா செய்பவர் சமர்த்தாகிவிட்டால் வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. நீங்கள் மட்டும் பயப்பட வேண்டிய நேரம் அதுதான். ‘எனக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது’ என்றால் எளிதில் தட்டிவிடுவார்கள். ‘இது இவருடைய வழக்கமான நிலை இல்லை. காலை பத்து மணியிலிருந்து மாறியிருக்கிறார். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. டூட்டி டாக்டர் இப்போது பார்க்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். ஆள் வரவில்லை என்றால் தலைமை நர்சிடம், அங்கும் நகரவில்லை என்றால் சிகிச்சை தரும் மூத்த மருத்துவரிடம்.

டிஸ்சார்ஜ் பெரும்பாலும் அவசரமாக வரும், ‘வீட்டில்தான் அவர் நன்றாக இருப்பார்’ என்ற அன்பான காரணத்தோடு. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நடந்து வந்தவர் இப்போது நடக்கிறாரா என்று கட்டிலை விட்டு இறக்கிப் பாருங்கள். இல்லையென்றால் பிசியோதெரபிஸ்ட் பார்க்காமல் கிளம்பாதீர்கள். எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எது அளவு மாறியது என்று பழைய பட்டியலோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். தையல் பிரிக்க வேண்டுமா, தானாகக் கரையுமா, காயத்தை அவர் நோண்டினால் எதை வைத்து மூடுவது, காய்ச்சலோ மஞ்சள் நிறமோ வந்தால் இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மயக்கத்துக்கு முன் எந்த மருந்தை எந்த அளவில் கொடுத்தபோது அமைதியாக அரங்குக்குப் போனார், ஊசி எந்தக் கையில் எப்படி நின்றது என்பதை டிஸ்சார்ஜ் சுருக்கத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவமனையாக இருந்தால் அவர்கள் கையில் இருக்கப்போவது அந்த வரி மட்டும்தான்.